பொம்மைச் செங்கல் புத்தகம் வாங்கலாமா என்று கேட்ட சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி வேலப்பன் அவர்களுக்கு,

அட்டுவம்பட்டியிலிருந்து ஞானவேல் கைகூப்பி எழுதுவது. இங்கே குளிரையும் என் முகத்தையும் தவிர மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கின்றன. அடிவாரத்தில் உங்கள் பூஜைச் சாமான் கடையும், வீட்டில் சம்பந்தியம்மாவின் முழங்காலும் தொந்தரவு தராமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

போன வாரம் போனில் நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான். "தாரணி லீவுக்குப் பழனி வருதுல்ல, பொம்மைச் செங்கல்ல வீடு கட்டுற நுணுக்கமெல்லாம் போட்டு ஒரு புஸ்தகம் இருக்காமே. நீங்க வாங்கிருக்கீங்களாம். நானும் ஒண்ணு வாங்கி வைக்கட்டுமா, இல்ல தண்டமா?" என்றீர்கள். நான் "சிக்னல் சரியில்ல சம்பந்தி" என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரி லீலா நின்றாள். அந்தப் புத்தகத்தின் பேச்சை எடுத்தாலே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுகிறாள். அங்கிருந்து வெகுநேரம் சிரிப்புச் சத்தம் வருகிறது. அதனால்தான் கடிதம்.

உங்கள் மகன் சிவமுருகனும் என் மகள் இந்துவும் வேலைக்காக ஓசூரில் இருக்க, நம் இருவருக்கும் ஒரே பேத்தியான தாரணி எங்களோடு இருந்து பள்ளிக்கூடம் போகிறாள். உங்கள் மகன் வாங்கி அனுப்பிய பிளாஸ்டிக் செங்கல் பெட்டியைக் கூடத்தில் கொட்டி அவள் ஒரு வீடு கட்டினாள். கீழே உங்கள் கடை, மேலே எங்கள் வீடு. மஞ்சள் தொப்பி போட்ட குட்டிப் பொம்மை நீங்கள், கண்ணாடி போட்டது நான், இருவரும் ஒரே ஜன்னலில் நின்று வெளியே பார்க்கிறோம். வேறு யாராக இருந்தாலும் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்திருப்பார்கள். நான் நெடுஞ்சாலைத் துறையில் மலைச்சாலைக்குத் தடுப்புச்சுவரும் பாலமும் கட்டி ஓய்வு பெற்றவன் ஆயிற்றே, குனிந்து இணைப்பைப் பார்த்தேன். கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று நேராக ஏறி நின்றன. மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு. "இப்படிக் கட்டுனா சுவரு பிளந்துக்கிரும்மா" என்றேன். "பிளக்காது தாத்தா, நான் புடிச்சுக்கிருவேன்" என்றாள். இப்படி ஒரு பதிலை எந்தக் காண்ட்ராக்டரும் என்னிடம் சொன்னதில்லை. நேராக ஏழுரோட்டுக் கடைத்தெருவுக்குப் போய் அந்தப் புத்தகத்தை வாங்கிவந்தேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல புத்தகம். இன்ன வீட்டை இப்படிக் கட்டு என்று அது சொல்வதில்லை. எதையும் கட்டுகிற வித்தையைச் சொல்கிறது. இணைப்பை மாற்றி மாற்றி அடுக்குவது, மூலையில் ஒரு சுவரை இன்னொன்றுக்குள் கோத்துவிடுவது, குமிழ் மேலே இருக்கிற கட்டையைப் பக்கவாட்டில் திருப்பிச் சுவரை வழவழப்பாக்குவது, சின்னச் சின்னத் துண்டுகளால் வளைவு போடுவது என்று பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். படிக்கப் படிக்க எனக்கு வேலையில் இருந்த காலத்தில்கூட வராத சந்தோஷம் வந்தது. வெட்கமாக இருந்ததால் அட்டைக்குச் செய்தித்தாள் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து படித்தேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஹரிகிருஷ்ணன் அந்த வழியாக வந்தவர், "என்ன சார், ரிட்டையர் ஆகியும் படிப்பா?" என்றார். "டெக்னிக்கல் புக்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் உடனே, சங்க ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கு பிளாக்ஸ் போட்டி வைத்திருப்பதாகவும், நான்தான் நடுவர் என்றும், போட்டிக்கு முன்னால் மேடையில் ஏதாவது ஒன்றைக் கட்டிக்காட்டி நாலு வார்த்தை பேச வேண்டும் என்றும் முடிவே பண்ணிவிட்டுப் போனார்.

எனக்கும் ஆசைதான். புத்தகத்தில் இருந்த வளைவுப் பாலத்தை எடுத்தேன். அங்கேதான் இந்தப் புத்தகத்தின் குறையும் தெரிந்தது: இது கேட்கிற கட்டையெல்லாம் நம்மிடம் இருக்காது. பாலத்துக்கு வேண்டிய சரிவுக் கட்டைகள் மொத்தமும் தாரணியின் வீட்டுக் கூரையில் இருந்தன. அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, பின்பக்கத்தில் ஒன்றே ஒன்று எடுப்போம் என்று கைவைத்தேன். ஒன்று போதவில்லை. கூரை போயிற்று. சுவரும் நான் சொன்னபடியே, அந்தக் கோட்டிலேயே பிளந்தது. அந்த நிமிஷம் எனக்கு முதலில் தோன்றியது, "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்பதுதான். இப்போது அதை நினைத்தால் கண்ணாடியில் தலைவாரக் கூசுகிறது.

சாயங்காலம் வந்த பிள்ளை வீடு கிடந்த கிடையைப் பார்த்து அப்படியே நின்றாள். "ஜன்னல் வழியாக் குரங்கு வந்துருச்சும்மா" என்றேன். அவள் வீட்டை விட்டுவிட்டு ஓடிவந்து, "உங்களக் கடிச்சிருச்சா தாத்தா?" என்று என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சம்பந்தி, அந்தக் கைகள்தான் எடுத்தவை. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் அவள், "பசியிலதான் வந்துருக்கும், பாவம்" என்று தன் வாழைப்பழத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். அன்றைக்கு நிஜமாகவே குரங்குகள் வந்தன, குடும்பத்தோடு. லீலா நறுக்கி வைத்திருந்த கேரட் போயிற்று, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த ஹரிகிருஷ்ணனின் கம்பளிக் குல்லா போயிற்று, தெருவே என் ஜன்னலைப் பார்த்து முறைத்தது. லீலா மட்டும் சிந்திய கேரட்டைக் கூட்டிக்கொண்டே, "ஏங்க, நேத்து வந்த குரங்கு சரிவா இருக்குற கட்டையா மட்டும் பாத்து எடுத்துட்டுப் போச்சோ?" என்றாள். நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

விழா நாளில் மேடையில் மேசை, மேசைமேல் என் பாலம், பக்கத்தில் மைக். கூரையிலிருந்து எடுத்த கட்டைகளில் ஒன்றில் தாரணி ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வேல் வரைந்திருந்தாள். அதுதான் உங்கள் கடை போர்டாம். அதை யாருக்கும் தெரியாதபடி பாலத்தின் அடியில், வேல் கீழே பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன். பெரியவர்கள் எல்லாரும் நாற்காலியில் இருந்து பாலத்தின் மேல்பக்கத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகளை முன்வரிசையில் ஜமக்காளம் விரித்துத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். தரையில் இருப்பவர்களுக்குப் பாலத்தின் அடிவயிறுதான் தெரியும் என்பது இத்தனை வருஷம் பாலம் பார்த்த எனக்குத் தோன்றவில்லை. "ஒரு கட்டுமானத்துல முக்கியமானது நேர்மை" என்று நான் இங்கிலீஷும் தமிழுமாக விளக்கிக்கொண்டிருந்தபோது தாரணி கையைத் தூக்கினாள். பிள்ளை சந்தேகம் கேட்கிறாள் என்று பெருமையாக மைக்கை அவள் பக்கம் நீட்டினேன்.

"தாத்தா, அது பழனி தாத்தா கடை போர்டு. குரங்கு உங்ககிட்ட திருப்பிக் குடுத்துருச்சா?"

கபடமில்லாமல்தான் கேட்டாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பின்வரிசையில் முதலில் சிரித்தது உங்கள் சம்பந்தியம்மா லீலாதான். நான், "குரங்கு எடுக்கலம்மா, நான்தான் எடுத்தேன்" என்றேன். மைக் கையில் இருந்ததால் அது தெருவரைக்கும் கேட்டது. தாரணி அழவில்லை. மேடைக்கு வந்து பாலத்திலிருந்து தன் கட்டைகளை மட்டும் பார்த்துப் பார்த்து உருவினாள், மிச்சம் பொலபொலவென்று சரிந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். ஹரிகிருஷ்ணன் என்னிடம் வந்து வேறெதுவும் கேட்கவில்லை. "அப்ப என் குல்லா, சார்?" என்று மட்டும் மெல்லக் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மறுபடியும் கட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதே ஒரே கோட்டு இணைப்பு. அடுத்த கட்டையை எடுத்து நீட்டினேன். முடித்தபிறகு உங்கள் பொம்மையை ஜன்னலில் வைத்தாள். என் பொம்மையைத் தூக்கி வாசலுக்கு வெளியே, தரையில் நிறுத்தினாள். "தாத்தா எப்பம்மா உள்ள வரலாம்?" என்றேன். "யோசிக்கணும்" என்றாள். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குள் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள், சம்பந்தி. நான் தினமும் காப்பியோடு அந்தப் பக்கம் போய் வருகிறேன், இடம் மாறவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: வாங்காதீர்கள். நிறையக் கட்டை வைத்திருக்கிற பெரிய பிள்ளைகளுக்கு அது அருமையான புத்தகம். பேத்தியின் கட்டையைத் தவிர வேறு கட்டை இல்லாத நம்மைப் போன்ற கிழவர்கள் கைக்கு அது ஆகாது. நீங்களாவது ஜன்னலில் நல்லபடியாக இருங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். கடை செழிக்கவும், பிள்ளைகள் நீடூழி வாழவும், நடந்ததைக் கேட்டு நீங்கள் என்னை லேசாக நினைக்காமல் இருக்கவும் ஆண்டவன் அருளட்டும்.

தலைகுனிவுடன்,
ஞானவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் தாரணி வந்து, யாருக்கு என்ன எழுதினேன் என்று கேட்டாள். பழனி தாத்தாவைப் புத்தகம் வாங்க வேண்டாம் என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாங்கச் சொல்லுங்க தாத்தா. அவரும் படிச்சா எதையாச்சும் எடுப்பாரு. அப்பறம் அவரையும் வெளிய வச்சிருவேன். உங்களுக்குப் பேச்சுத் துணைக்கு ஆளாச்சுல்ல" என்றாள். மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடுங்கள். புத்தகத்தை வெரசா வாங்குங்கள். வாசலில் காத்திருக்கிறேன்.