அமைதி ஒத்துக்கொள்ளாத பிரஸ் ஷாப்

கோல்ஃப் என்ற விளையாட்டு பிறந்த நாளிலிருந்து இன்றுவரை மட்டை பிடித்தவர்களில், அமைதியால் கவனம் சிதறிய ஒரே மனிதர் எங்கள் பிரஸ் ஷாப்தான். மற்றவர்களுக்குப் பக்கத்தில் யாராவது தும்மினால் பந்து கோணலாகப் போகும். இவருக்கு யாருமே தும்மாவிட்டால் கோணலாகப் போகும்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு. ரேஷன் கார்டில் அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மற்றபடி எங்கள் ஓசூர் தொழிற்சாலையில் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் பிரஸ் ஷாப்தான். கார் கதவுக்கான தகடுகளை ராட்சத இயந்திரங்கள் டமால் டமால் என்று அடித்து வடிவமாக்கும் கூடம் அது. அதற்கு அவர் மேனேஜர். மீசை முளைத்த வயதில் உள்ளே போனவர், மீசை நரைத்த பிறகும் வெளியே வர மனமில்லாமல் இருந்தார். அங்கே நாங்களெல்லாம் கையை ஆட்டித்தான் பேசிக்கொள்வோம். அவர் மட்டும் கோயில் பிராகாரத்தில் நிற்பதுபோல நிதானமாகப் பேசுவார். மின்சாரம் போய் இயந்திரங்கள் நின்றால்தான் சிக்கல். "என்னமோ சொல்ல வந்தேனே..." என்று விழிப்பார். ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் மீதி வாக்கியம் வரும்.

ஒருமுறை குடும்பத்தோடு ஏற்காட்டுக்கு ஓய்வெடுக்கப் போனவர் மறுநாள் காலையே திரும்பிவிட்டார்.

"ஏற்காடு நல்லாத்தாங்க இருக்குது. ஆனா ராத்திரில ஒரு லாரிகூட போவமாட்டேங்குது. மனுசன் எப்படிங்க தூங்கறது?"

இப்படிப்பட்டவர் கையில் கோல்ஃப் மட்டை வந்ததற்கு எங்கள் முதலாளிதான் காரணம். எங்களிடம் கதவு வாங்கும் பெங்களூர் நிறுவனத்தின் பெரிய மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் ஆடுகிறார்கள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, மேனேஜர்களை எல்லாம் கெலமங்கலம் சாலையில் உள்ள மைதானத்தில் சேர்த்துவிட்டார். தரக் கட்டுப்பாட்டு மேனேஜரான நானும் சேர்க்கப்பட்டேன். என் ஆட்டத்தின் தரத்தை யாரும் கட்டுப்படுத்த முடியவில்லை.

கோல்ஃபுக்கு மனம் ஒருமுகப்பட வேண்டும் என்றார்கள். ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்தேன். பந்தின் முன்னால் நிற்கும்போது ஒரே ஒரு எண்ணம்தான் இருக்க வேண்டுமாம். நானும் ஒரு எண்ணத்தோடுதான் போய் நிற்பேன். மட்டையை ஓங்குவதற்குள் கேஸ் சிலிண்டர் பதிவு செய்தோமா, போச்சம்பள்ளிக்கு அனுப்பிய சரக்கு திரும்பி வந்துவிடுமா, அந்த மரத்தில் இருப்பது கிளியா என்று மனம் ஒரு சுற்று போய்விட்டு வரும். பந்து வேலி தாண்டி அடுத்த தோட்டத்தில் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரமான பாலிஹவுஸுக்குள் போகும். "சார், உங்க பந்து எங்க ரோஜால கெடக்குது" என்று தோட்டக்காரர் போன் செய்யும் அளவுக்கு நாங்கள் நெருங்கிவிட்டோம்.

பிரஸ் ஷாப்புக்கும் பந்து நேராகப் போகவில்லை. ஆனால் அவர் வீடியோ பார்க்கவில்லை. தன் கூடத்துச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வந்து, சட்டைப்பையில் ஓடவிட்டு அடித்தார். டமால் டமால் என்று பை அதிர, பந்து நூல் பிடித்தாற்போல் பறந்தது. மைதானமே முகம் சுளித்தது. அவர் முகத்தில் மட்டும் அப்படி ஒரு நிம்மதி.

வினை சைரனில் வந்தது. ஒரு ஞாயிறு, பதிவின் நடுவே சாப்பாட்டுச் சைரனும் சேர்ந்து ஓடிவிட்டது. வேறு ஊராக இருந்தால் யாராவது திட்டியிருப்பார்கள். இது ஓசூர், ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு தொழிற்சாலைக்காரர்கள். சைரன் கேட்டதும் ஆளாளுக்கு மட்டையைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். குழிக்கு ஒரு சாண் தூரத்தில் பந்தை வைத்திருந்த ஒரு ஜெனரல் மேனேஜர், கார் நிறுத்துமிடம் வரை போய் மார்பில் அடையாள அட்டையைத் தடவிய பிறகுதான் விழித்துக்கொண்டார். நான் விழித்துக்கொண்டபோது கேன்டீன் வரிசையில் நின்றிருந்தேன்.

அந்த ஜெனரல் மேனேஜர் புகார் கொடுத்தார். மைதானத்துச் செயலாளர் பிரஸ் ஷாப்பைக் கூப்பிட்டு, "போன எடுத்துக்கினு மைதானத்துல கால வெக்காதீங்க. இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தா மெம்பர்ஷிப் கட்" என்றார்.

அன்று முதல் பிரஸ் ஷாப்புக்குச் சோறு இறங்கவில்லை. "அடுத்த வருசம் ரிட்டயருங்க குவாலிட்டி" என்றார் என்னிடம். மனிதர்களை இலாகாப் பெயரால்தான் கூப்பிடுவார். "அப்பறம் ப்ரெஸ்ஸும் கெடையாது. இந்தப் புல்லு ஒண்ணுதான் மிச்சம். இதுவும் போச்சுன்னா நான் எங்கங்க போறது?"

அந்த நிலையில்தான் பெங்களூர்க்காரர்களோடு வருடாந்திர ஜோடிப் போட்டி வந்தது. ஒரே பந்தை ஜோடியில் இருவரும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். அவரோடு ஆட யாரும் முன்வரவில்லை. என்னோடும் யாரும் முன்வரவில்லை. எனவே நாங்கள் ஜோடியானோம்.

போன் இல்லாமல் முதல் அடியிலேயே பந்தைக் குளத்தில் போட்டார். அடுத்ததை மரத்தில் போட்டார். ரோஜாவை நான் பார்த்துக்கொண்டேன். மூன்றாவது குழியில் அவர் உள்ளங்கையால் காதை அழுத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து என்னவென்று கேட்டேன்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க. சத்தம் இல்லன்னா காதுக்குள்ள விசில் அடிக்குதுங்க. குக்கராட்டம். பல வருசமா. டாக்டருகிட்ட சொன்னா பிரஸ் ஷாப்ப உட்டு மாத்திருவாங்கன்னு சொல்லல. சத்தம் இருந்தா விசில் கேக்காது. அவ்வளவுதாங்க."

   இத்தனை வருடம் இந்த மனிதரை வைத்து எவ்வளவு சிரித்திருக்கிறோம் என்று நினைத்தபோது மனசு கனத்துவிட்டது.

"குவாலிட்டி, ஏதாச்சும் பேசுங்க. நிறுத்தாம பேசுங்க" என்றார்.

என்னிடம் இப்படி யாரும் கேட்டதேயில்லை. என் வாய் ஓயாது என்பதால்தான் மீட்டிங்குகளில் என்னைக் கடைசி நாற்காலியில் போடுவார்கள். சொந்த ஜோடியிடம் பேசக்கூடாது என்று விதியும் இல்லை. ஆரம்பித்தேன்.

"எங்க மச்சான் பர்கூர்ல வீடு கட்டினாருங்க. கிரானைட்டு ஊருல இருக்கறமேன்னு வாசப்படி, ஹாலு, மாடிப்படி எல்லாம் பளபளன்னு பாலிஷ் கிரானைட்டு. பால் காய்ச்சற அன்னிக்கி தரைய வேற கழுவி உட்டுட்டாங்க. எங்க மாமனாரு பட்டு வேட்டி கட்டிக்கினு, பால் சொம்போட மொதப் படில கால வெச்சாரு பாருங்க..."

அந்த இடத்தில் பிரஸ் ஷாப் அடித்தார். பந்து கொடிக்கம்பத்துக்கே போய் நின்றது. வேலை முடிந்ததால் நான் கதையை நிறுத்தினேன்.

அடுத்து அடிக்க வேண்டியவர் பெங்களூர் அணித் தலைவர். மட்டையை ஓங்கினார், இறக்கினார், மறுபடி ஓங்கிக் காற்றை அடித்தார். பிறகு என்னிடம் வந்து, "ஆமேலே ஏனாய்து சார்?" என்றார். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்.

"எங்க ஆளு திரும்ப அடிக்கறப்பதான் சார் மீதி" என்றேன்.

அதிலிருந்து ஆட்டம் மாறியது. பிரஸ் ஷாப் அடிக்கும்போதெல்லாம் மாமனார் ஒரு படி ஏறினார். பின்னால் மாமியார் ஏறினார், புரோகிதர் ஏறினார், யாரும் விழவில்லை. பெங்களூர்க்காரர்கள் பந்தைப் பார்ப்பதை விட்டு என் வாயையே பார்த்தார்கள். நான் சொதப்பியதை எல்லாம் பிரஸ் ஷாப் சரிசெய்ய, கடைசிக் குழியில் இரு அணியும் சமம். அவர்கள் பந்து குழிக்குள் போய்விட்டது, எங்களுக்கு ஒரே ஒரு சின்னத் தட்டல் பாக்கி. அது என் முறை.

எல்லோரும் மரியாதையாக அமைதி காத்தார்கள். அந்த அமைதியில் எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது: நிஜத்தில் மாமனார் விழுந்தாரா இல்லையா? நினைவே வரவில்லை. பந்து குழியை உரசிக்கொண்டு போய்விட்டது. தோற்றோம்.

பெங்களூர்த் தலைவர் நேராகச் செயலாளரிடம் போனார். பிரஸ் ஷாப் வெளிறிப்போனார். "முடிஞ்சுதுங்க" என்றார். செயலாளர் கையசைத்துக் கூப்பிட்டார். போனோம்.

"இவருக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்" என்றார் செயலாளர்.

"மாமனார் பித்ரா இல்வா, விழுந்தாரா இல்லியா? அத மட்டும் சொல்லிடுங்க சார். நாளைக்கு ஆபீஸ்ல வேலை ஓடல்ல" என்றார் தலைவர்.

விழுந்தார் என்று சொல்லிவிட்டேன். புகார் வரவில்லை. பிரஸ் ஷாப் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். செயலாளர் மனசு இறங்கி, சத்தம் போடாத வரை போன் வைத்துக்கொள்ளவும் அனுமதித்திருக்கிறார். போன ஞாயிறு திரும்பி வந்த சரக்கைப் பார்க்க நான் போச்சம்பள்ளி போக வேண்டியதாகிவிட்டது. அங்கே அழைப்பு வந்தது. "குவாலிட்டி, காதுல மாட்டிக்கினு நிக்கறேன். பேசுங்க." குவிந்து கிடந்த கதவுகளுக்கு நடுவே நின்று, எதிரே இருப்பவர்கள் என்ன நினைத்தாலும் சரியென்று பேசினேன். தூரத்தில் டக்கென்று ஒரு சத்தம். "நேராப் போச்சுங்க" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பந்து கிடக்கும் இடம்வரை அவர் தனியாகத்தானே நடக்க வேண்டும் என்று, போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தேன்.