தவசிக் கொக்கு பாட்டுப்பெட்டி வாங்காத கதை

ஒரு காட்டில், அதாவது வரைபடத்தில் முழுப் பச்சையாகவும் நேரில் பார்த்தால் பாதி சீமைக்கருவேலமாகவும் இருந்த ஒரு காட்டில், ஒரு குளம் இருந்தது. அதன் கிழக்குத் துறையில் ஒற்றைக்காலில் நின்று மீன் பிடித்துவந்தான் தவசி என்ற கொக்கு.

தவசிக்குத் தவளைகளால் தொல்லை. மழை விழுந்ததும் அவை கச்சேரியைத் தொடங்கிவிடும். ஒவ்வொரு கத்தலுக்கும் தவசியின் கழுத்து தானாகத் துள்ளும். கழுத்து துள்ளினால் நிழல் துள்ளும். நிழல் துள்ளினால் மீன் ஓடிவிடும். தவளையைத் தின்றுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். தின்றும் பார்த்தான். ஒரு பாடகரை விழுங்கினால் கச்சேரி நிற்பதில்லை. பின்பாட்டுக்காரர் முன்னுக்கு வருகிறார், அவ்வளவுதான்.

போன மழைக்காலம் முழுக்கக் குடும்பம் அரைப்பட்டினி. இந்த வருஷம் மேகம் திரளத் தொடங்கியதுமே மனைவி சிலம்பாயி பேச்சை எடுத்தாள்.

"இந்த மழைக்கும் மீன் இல்லன்னா நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா ஏரிக்குப் போயிடுவேன். நீங்க இங்கேயே நின்னு தவம் பண்ணுங்க."

"நான் என்ன பண்ண? காதுக்குள்ள வந்து கத்துதுங்க."

"காதை அடைச்சுக்குங்க. ஊரே எதையாவது காதுல மாட்டிக்கிட்டுத்தானே திரியுது?"

தவசிக்கு யோசனை பிடித்துப்போயிற்று. அன்றே ஆலமரத்தடியில் இருந்த கீரி அண்ணாச்சியின் கடைக்குப் போனான்.

"பாட்டுக் கேக்கணும் அண்ணாச்சி. மலிவா ஒரு எம்.பி.த்ரீ பிளேயர் காட்டுங்க."

"இந்தக் காலத்துல அதைக் கேட்டு வர்றீங்களே! போனே வாங்கிக்கலாம்லா?"

"போன் இருந்தா மாமனார் கூப்பிடுவாரு."

அண்ணாச்சி அனுபவசாலி. மேற்கொண்டு கேட்காமல் தீப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்துவைத்தார். ஒரே ஒரு பொத்தான். பின்னால் கிளிப். "சிறகுல கவ்வ விட்டுட்டாப் போதும். கனமே தெரியாது."

"திரை இல்லையே. என்ன பாட்டு ஓடுதுன்னு எப்படித் தெரியும்?"

"கேட்டாத் தெரியும்."

இந்த இடத்தில் கொக்குகளின் குலவழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். காலடியில் சின்ன மீன் ஓடினால் கொக்கு குனியாது. பெரிய மீன் வரட்டும் என்று நிற்கும். சான்றோர் இதை மெச்சிப் பாட்டே எழுதியிருக்கிறார்கள். கொக்கு கடைக்குப் போனால் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

தவசி அந்தத் தீப்பெட்டியை விட்டுவிட்டான். அண்ணாச்சி திரை உள்ளதைக் காட்டினார். அதில் மெமரி கார்டு போட இடம் இல்லை. கார்டு போட இடம் உள்ளதைக் காட்டினார். அதில் சார்ஜ் நிற்காதாம். சார்ஜ் நிற்பதில் பொத்தானே இல்லை, தொடுதிரை. தவசி அலகால் குத்திப் பார்த்தான், அது அசையவில்லை.

"காலால தொடுங்க, வேலை செய்யும்," என்றார் அண்ணாச்சி.

"ஒரு கால்லதான் நிக்கிறேன் அண்ணாச்சி."

"மடக்கி வச்சிருக்கீங்களே, அது எதுக்கு?"

"அதை இறக்குனா ரெண்டு கால்ல நிக்கிற மாதிரி ஆயிடுமே!" என்று தவசி பதறினான். "பரவாயில்ல, அடுத்த மாடல் வரட்டும்."

அப்போது குப்பாண்டி வந்தான். அவன் ஒரு மடையான். இது வசவு அல்ல. வயலில் திரியும் குட்டைக் கொக்கின் பெயரே அதுதான். அவனும் அந்தக் குளத்தில்தான் மீன் பிடித்தான். தீப்பெட்டியைக் காட்டி, "இது பாடுமா?" என்று கேட்டான். "பாடும்," என்றார் அண்ணாச்சி. "குடுங்க," என்று வாங்கி, இயர்போனைக் காதோர இறகுக்குள் செருகிக்கொண்டு போய்விட்டான்.

தவசிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாள்தோறும் கடைக்குப் போய் ஒவ்வொரு பெட்டியையும் திருப்பிப் பார்த்தான். அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டிருந்ததை எல்லாம் மனப்பாடம் செய்தான். பிட்ரேட் என்றால் என்ன, எந்த வகைக் கோப்பில் பாட்டின் எந்தப் பகுதி தேய்ந்துபோகிறது என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொல்வான். இத்தனைக்கும் அவன் ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டதில்லை.

மழை விழுந்தது. தவளைகள் தொடங்கின. தவசியின் கழுத்து துள்ளியது, மீன்கள் ஓடின. குப்பாண்டி மட்டும் வடக்குத் துறையில் எதையோ கேட்டபடி சிலைபோல நின்று கெண்டை கெண்டையாகக் கொத்திக்கொண்டிருந்தான். சிலம்பாயி கூட்டைப் பிரித்துச் சுள்ளிகளைக் கட்ட ஆரம்பித்தாள்.

"அடுத்த வாரம் புது மாடல் வருதாம்..." என்று தவசி இழுத்தான்.

"அதையும் நீங்களே கட்டிக்குங்க," என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு முள்ளம்பன்றி வந்தது.

"தவசி அண்ணனா? பிளேயர்னா உங்களுக்கு அத்துப்படின்னு கடையில சொன்னாங்க. எம் பொண்ணுக்கு ஒண்ணு வாங்கணும். வெறுங்கையோட வரக் கூடாதுன்னு ஒரு விரால் கொண்டாந்தேன்."

தவசி விராலைப் பார்த்தான், தொண்டையைச் செருமிக்கொண்டான். சாயங்காலம்வரை பேசினான். முள்ளம்பன்றிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆகையால் மரியாதை கூடியது. அது போய் நரியிடம் சொல்ல, நரி அயிரை மீனோடு வந்தது. பிறகு உடும்பு வந்தது, மர அணில் வந்தது. ஓயாமல் தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்ததில் தவசிக்குத் தவளைச் சத்தம் காதில் விழவே இல்லை. சிலம்பாயி கட்டிய சுள்ளிகளை அவிழ்த்தாள்.

ஒருநாள் குப்பாண்டியும் வந்தான், கொழுத்த கெண்டையோடு.

"எல்லாரும் கேக்குறாங்க, நானும் கேட்டுவைப்போமேன்னு வந்தேன். என் பெட்டி நல்ல பெட்டியாண்ணே?"

தவசி அதை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

"யாருப்பா உன் தலையில இதைக் கட்டினது? உச்சஸ்தாயியில கிழியுமே!"

"எனக்குக் கிழியலையேண்ணே. நல்லாத்தான் பாடுது."

"அது உன் காது செய்த புண்ணியம். கவனிச்சுக் கேளு."

குப்பாண்டி கவனித்துக் கேட்டான். இருட்டுவதற்குள் கிழிந்துவிட்டது. மறுநாள் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு மீன் பிடிக்க நின்றான். தவளை கத்தியது, அவன் கழுத்து துள்ளியது. வந்த மீனெல்லாம் ஓடிப்போயிற்று.

ஓடிவந்து, "அண்ணே, இனி எதைத்தான் வாங்குறது?" என்று கெஞ்சினான்.

"அவசரப்படாதே," என்றான் தவசி, வாயில் இருந்த விராலை விழுங்கிவிட்டு. "வரிசையில நில்லு."

நீதி: வாங்கியவனுக்குப் பாட்டு, வாங்காதவனுக்கு விரால்.