இருபத்தைந்து கிராம் எலி

இந்த வீட்டில் இனி ஒரு சொட்டு ரத்தம்கூடச் சிந்தக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அறிவித்தேன். அறிவித்தது சாப்பாட்டு மேஜை மேல் நின்றுகொண்டு. கேட்க இருந்தவள் என் மனைவி ஒருத்திதான். அவளுக்குக் கேட்க அவ்வளவு உயரம் தேவையில்லை. ஆனால் எலி மேஜைக்கு அடியில் இருந்தது.

"முதல்ல கீழ எறங்குங்க. மேஜைக்கு ஏற்கெனவே ஒரு கால் ஆட்டம்."

"அதுவும் ஒரு உயிர். அதுக்கும் வாழ உரிமை இருக்கு."

"தாராளமா வாழட்டும். உங்க சட்டைக் காலரைத் தின்னுட்டுத்தான் வாழணுமா?"

"பசிச்சிருக்கும்."

"நாலு சட்டை போயாச்சு. அது பசி இல்லைங்க, பழக்கம். என் தங்கச்சி வீட்டுப் பூனை மூணு குட்டி போட்டிருக்கு. ஒண்ணைக் கொண்டு வந்துட்டா முடிஞ்சுது."

பூனை என்ற சொல்லைக் கேட்டதும் நான் மேஜையிலிருந்து இறங்கிவிட்டேன். ஆபத்து கீழே இல்லை, எதிரே நிற்கிறது என்று புரிந்துவிட்டது.

என் சகலை வீட்டுக் கதை உங்களுக்குத் தெரியாது. அவருக்கு ஒரு சோபா இருந்தது. பிறகு ஒரு பூனை வந்தது. இப்போது அவருக்கு ஒரு முக்காலி இருக்கிறது. போன தடவை போனபோது சோபாவில் கை வைக்கப் போனேன். "சகலை, வேண்டாம், தூங்குது" என்று ரகசியக் குரலில் சொன்னார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

எனக்கு ஜன்னலோரத்தில் ஒரு சாய்வு நாற்காலி இருக்கிறது. இந்த வீட்டில் எனக்கென்று உள்ள நிலம் அது ஒன்றுதான். அலமாரியில் எனக்கு ஒரு தட்டு உண்டு, அதிலும் பாதி அவளுடைய கம்பளி நூல். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அந்த நாற்காலியை ஒரு பூனைக்கு எழுதிக் கொடுக்க நான் தயாராக இல்லை.

"ஒரு வாரம் டைம் கொடு. ஜீவகாருண்ய முறையில, ஒரு மயிரிழைகூடச் சேதமில்லாம அதைப் பிடிச்சு வெளியில விடுறேன்" என்றேன்.

"யாரு, நீங்களா?"

"நானேதான்."

அவள் என்னைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். "சரி. சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குத் தங்கச்சி போன் பண்ணுவா. அப்ப வீட்டுல எலி இல்லைன்னா பூனை வேண்டாம்னு சொல்லிடறேன். இருந்தா, ஞாயித்துக்கிழமை பூனை வந்துடும். பேச்சு மாறக் கூடாது."

பக்கத்து வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். போய் விஷயத்தைச் சொன்னேன்.

"விஷம் இருக்கு சார். பசை அட்டை இருக்கு. நறுக்குன்னு கழுத்துல விழற பொறியும் இருக்கு."

"அன்பா ஏதாவது இருக்கா?"

அவர் உள்ளே போய்த் தேடி, தூசி தட்டி ஒரு கம்பிக்கூண்டைக் கொண்டுவந்தார். "ரொட்டித்துண்டு மாட்டி வைங்க, உள்ள வந்ததும் கதவு விழுந்துடும். சரி, பிடிச்சப்புறம் கூண்டைத் தெறந்து கையால எடுப்பீங்களா?"

எனக்கு வீட்டில் அவசர வேலை இருந்தது. கூண்டோடு கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் எலி கூண்டில் இருந்தது! நான் உடனே நாற்காலி மேல் ஏறி வேலையைத் தொடங்கினேன். நிர்வாகம் என் பொறுப்பு, எலி அவள் பொறுப்பு. கூண்டிலிருந்து அட்டைப்பெட்டிக்கு மாற்றுவது எப்படி என்று நான் மேலிருந்து விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கி முடிப்பதற்குள் அவள் மாற்றி மூடிவிட்டாள்.

என் உத்தியோகத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக பார்சல் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். ஆபீஸில் என் பெயர் 'தராசு'. எங்கள் தொழிலில் பார்சலைப் பிரித்துப் பார்ப்பது மகாபாவம். வாங்கும்போது ஒரு தடவை எடை, அனுப்பும்போது ஒரு தடவை எடை. இரண்டும் ஒன்றாக இருந்தால் உள்ளே ஒன்றும் மாறவில்லை என்று அர்த்தம். மனிதர்கள் பொய் சொல்வார்கள், முகவரி பொய் சொல்லும், எடை சொல்லாது.

ஆகவே பெட்டியைச் சமையலறைத் தராசில் வைத்தேன். வெறும் பெட்டி இருநூற்றுப் பத்து. எலியோடு இருநூற்று முப்பத்தைந்து. இருபத்தைந்து கிராம் எலி. பெட்டி மேல் எடையை எழுதி, 'உயிருள்ளது, கவிழ்க்காதே' என்று ஆபீஸ் ஸ்டிக்கரும் ஒட்டினேன். பிறகு குளிக்கப் போனேன். வந்து மறுபடி எடை போட்டேன். இருநூற்று முப்பத்தைந்து. மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஆபீஸ் போகிற வழியில் பூங்காவில் ஒரு புதரைத் தேர்ந்தெடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைத் திறந்து கவிழ்த்தேன். பிரியும் உயிரை நேருக்கு நேர் பார்த்தால் பாசம் வந்துவிடும். அதனால்தான் திரும்பிக்கொண்டேன். புல்லில் தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. அதன் பிறகு நான் சற்று வேகமாக நடந்தேன். ஓடினேன் என்று பூங்காக் காவலாளி சொன்னால் நம்பாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கூண்டில் எலி இருந்தது.

"அதே எலிதாங்க" என்றாள் மனைவி. "காது ஓரம் கிழிஞ்சிருக்கு பாருங்க. கிட்ட வந்து பாருங்களேன்."

"இங்கிருந்தே நல்லாத் தெரியுது" என்றேன், கதவுக்குப் பின்னாலிருந்து.

எடை போட்டேன். அதே இருபத்தைந்து கிராம். சந்தேகமில்லை, அதே எலி! அன்று ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி, கடைசி ஸ்டாப்பில் இறங்கி விட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் அது பெட்டிக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பஸ் பிரேக் போட்டால் முன்னால் ஓடியது, கிளம்பினால் பின்னால் ஓடியது. சமர்த்தான எலி.

புதன்கிழமை மறுபடி வந்துவிட்டது.

ஹார்டுவேர்க்காரர் சிரித்தார். "கடைசி ஸ்டாப்புல இருந்து நடந்து வந்துச்சா? வேற எலியா இருக்கும் சார். உங்க வீட்டுல ஒரு குடும்பமே இருக்கும்."

"எடை ஒண்ணா இருக்கே!"

"என் பையனும் எதிர்வீட்டுப் பையனும்கூட ஒரே எடைதான். நான் மாத்தியா கூட்டிட்டு வர்றேன்? அடையாளம் ஏதாவது போட்டு விடுங்க."

அடையாளமா, நம்மிடமா! ஆபீஸ் முத்திரை மையை எடுத்துக் கொடுத்தேன். அவள் எலியின் முதுகில் ஊதாப் பொட்டு ஒன்று வைத்தாள். அன்று அதை ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டேன். எலிக்கு நீந்தத் தெரியுமா என்று ஆபீஸில் மூன்று பேரிடம் விசாரித்தேன். மூவரும் தெரியாது என்றார்கள். நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை காலையில் கூண்டுக்குள் ஊதாப் பொட்டு உட்கார்ந்திருந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதைவிட ஆச்சரியம், இருபத்தேழு கிராம் இருந்தது. "பாத்தியா? தெனம் இவ்வளவு தூரம் நடந்து உடம்பு இறுகிப் போச்சு" என்றேன்.

"ஆமாங்க. நீங்களும் நடந்தா நல்லது" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதன்மேல் மரியாதை வந்துவிட்டது. இத்தனை எதிர்ப்புக்கு நடுவே வீட்டுக்குத் திரும்பி வருகிற தைரியம் எனக்குக்கூட எல்லா நாளும் இருப்பதில்லை. அன்று அதை ஏரிக்கரையிலும், வெள்ளிக்கிழமை மலையடிவாரத்திலும் கொண்டுபோய் விட்டேன். சனிக்கிழமை காலையில் அது கூண்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. ஆறு மணிக்குப் போன் வரும். என் நாற்காலியைத் தடவிப் பார்த்தேன். கண் கலங்கியது. கடைசி முயற்சியாக, ஊர் எல்லையைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

கண்டக்டர் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டார்.

"பெட்டியில என்ன சார்?"

"உயிருள்ளது."

"படிச்சேன். என்ன உயிர்?"

"சின்ன உயிர். இருபத்தேழு கிராம்தான்."

"பாம்பா?"

பஸ்ஸே காலைத் தூக்கிக்கொண்டது. "தெறந்து காட்டுங்க" என்றார். "பார்சலைப் பிரிக்கக் கூடாது, அது எங்க தொழில் தர்மம்" என்றேன். "இறக்கி விடறது எங்க தொழில் தர்மம்" என்று பெட்டியைப் பிடுங்கித் திறந்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

சத்தமே இல்லை. பிறகு கண்டக்டர் மெதுவாகக் கேட்டார்: "சார், வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

கண்ணைத் திறந்தேன். பெட்டிக்குள் ஓர் உருளைக்கிழங்குத் துண்டு இருந்தது. ஒரு பக்கம் கொஞ்சமாகச் சீவியிருந்தது. எடை சரியாக வர வேண்டுமே!

பின் சீட்டு அம்மா ஒருவர், "பாவம், மூடி வைங்க, குளிர் தாங்காது" என்றார். பஸ் சிரித்த சிரிப்பில் டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டார். நான் பெட்டியோடு இறங்கி எதிர்ப்பக்கம் ஓடினேன். அவமானம் ஒரு பங்கு, ஆனந்தம் மூன்று பங்கு. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். இனி ஒப்பந்தம் செல்லாது. நாற்காலி தப்பியது!

வீட்டுக்குள் நுழைந்து உருளைக்கிழங்கை மேஜை மேல் வைத்தேன். "இது என்ன?"

"உருளைக்கிழங்கு" என்றாள், கம்பளி பின்னுவதை நிறுத்தாமல்.

"நான் குளிக்கும்போது மாத்தியிருக்கே!"

"ஆமாம்."

"அப்ப எலி?"

"பெரிய கண்ணாடி ஜாடியில. துணி கட்டி, பரண் மேல. காலையில எடுத்துக் கூண்டுல விடுவேன், நீங்க குளிக்கப் போனதும் ஜாடியில போட்டுடுவேன். பிஸ்கட் கொடுத்ததுல ரெண்டு கிராம் கூடிப் போச்சு. கிழங்கையும் பெரிசா வெட்ட வேண்டியதாப் போச்சு."

"இது மோசடி! ஒப்பந்தம் ரத்து! நாளைக்கு உன் தங்கச்சி, சகலை ரெண்டு பேருக்கும் சொல்லப் போறேன்."

"சொல்லுங்க. அஞ்சு நாளா உருளைக்கிழங்கை பஸ்ல கூட்டிட்டுப் போய் மரத்தடியில விட்டுட்டு வந்தேன்னு சொல்லுங்க. ஏன் ஒரு தடவைகூடப் பெட்டிக்குள்ள பாக்கலைன்னு அவங்க கேப்பாங்க. அதுக்கும் பதிலைச் சொல்லுங்க."

நான் அந்தப் பதிலை யோசித்துப் பார்த்தேன். யாரிடமும் சொல்லக்கூடிய பதிலாக இல்லை.

அவளுக்கே என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். உள்ளே போய் அதே மாதிரி இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "தப்பு என்மேலதான். இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. மூடியைத் தெறந்து, உள்ள இருக்கறது எலிதான்னு உங்க கண்ணால பாத்து, வாசல்ல விட்டுடுங்க. நீங்க ஜெயிச்சீங்க. பூனை வராது."

இதைவிட நியாயம் யார் செய்வார்கள்? பெட்டியைத் தராசில் வைத்தேன். இருநூற்று முப்பத்தேழு. எலி இருபத்தேழு கிராம். கிழங்கும் இருபத்தேழு கிராம். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தராசு எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

காதை வைத்துக் கேட்டேன். சத்தமில்லை. தூங்குகிற எலிக்கும் சத்தமில்லை, கிழங்குக்கும் சத்தமில்லை. காற்றுக்காகப் போட்டிருந்த ஓட்டை வழியாகப் பார்க்கலாம் என்று கண்ணைக் கிட்டே கொண்டுபோனேன். அந்தப் பக்கத்திலிருந்து அதுவும் பார்த்தால்? கண்ணை எடுத்துவிட்டேன்.

ஹார்டுவேர்க்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "என்ன சார், பெட்டியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

"தியானம்" என்றேன்.

நாலு மணி ஆயிற்று. ஐந்து ஆயிற்று. மூடியின் ஓரத்தில் விரலை வைத்தேன், எடுத்தேன். வைத்தேன், எடுத்தேன். நாற்காலியின் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மூடியை அரை விரல்கடை தூக்கியும் விட்டேன். அப்போது பெட்டிக்குள் ஏதோ நகர்ந்தது. அல்லது என் தொடை நடுங்கியது. மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குப் போன் அடித்தது.

நான் எழுந்து நின்றேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "ஒரு உயிரை வீட்டை விட்டுத் துரத்தறது என் கொள்கைக்கு விரோதம். பூனையும் ஒரு உயிர்தானே. வரட்டும்."

அவள் போனில் சொன்னாள். வைத்தாள். வந்து என் கையிலிருந்த பெட்டியை வாங்கி, மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே உருளைக்கிழங்கு.

"எலி?"

"நீங்க காலையில பஸ் ஏறினதுமே பின்வாசல் வழியா விட்டுட்டேன். வாய்க்காலைத் தாண்டி ஓடியே போயிடுச்சு."

"அப்ப வீட்டுல எலியே இல்லையா! தெறந்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேனா?"

"ஆமாங்க."

"எலியே இல்லாத வீட்டுக்குப் பூனை எதுக்கு?"

அவள் பெட்டியை மூடினாள். "பயப்படாத ஆம்பளை ஒண்ணாவது வீட்டுல இருக்கட்டும்னுதான்."