முந்திரிகை அண்ணையின் மூடாத முறைப்பாடு

முகநூலில் திட்டியவரின் வீட்டைத் தேடிப்போய்க் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்ட மனிதர் ரொறன்ரோ முழுவதிலும் ஒருவர்தான் இருந்திருப்பார். மார்க்கம் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை அவருடையது.

கடைக்காரர்களுக்காகச் சமூக ஊடகங்களை ஒட்டுக்கேட்பதுதான் எங்கள் வேலை. யாராவது ஒரு கடையைக் குறை சொல்லி எழுதினால் அந்த முறைப்பாடு எங்கள் திரையில் சிவப்பாக விழும். "வருந்துகிறோம்" என்று இரண்டு வரி போட்டு அதை மூடிவிட வேண்டும். அண்ணைக்கு அந்த இரண்டு வரியில் நம்பிக்கையில்லை.

"முகத்தைப் பாத்துக் கேக்காத மன்னிப்பு என்ன மன்னிப்பு, பிள்ளை?" என்பார். வேலை முடிந்ததும் ஒரு பை முந்திரிகைப்பழத்தோடு காரில் ஏறிவிடுவார். திராட்சைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

மில்லிக்கனில் ஒரு அன்ரி, மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குக் கடையிலிருந்து வந்த இடியப்பம் கயிறு மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தார். அண்ணை போய் மணியடித்தார். மகன் கதவைத் திறந்தான்.

"ஹவ் டிட் யூ ஃபைண்ட் அஸ்?"

"அம்மா போட்ட படத்திலை வீட்டு நம்பர் வடிவாத் தெரியுது, தம்பி."

பையன் பொலிசைக் கூப்பிட போனை எடுத்துவிட்டான். அதற்குள் அன்ரி வந்து, இவர் எந்த ஊர் என்று விசாரித்து, தேத்தண்ணி கொடுத்து, ஃபிரீசரில் கிடந்த அதே இடியப்பத்தைச் சூடாக்கிச் சாப்பிடவும் வைத்துவிட்டார். மறுநாள் அந்த முறைப்பாட்டின் கீழே, ஊரே பார்க்க, அண்ணை எழுதினார்: "சாப்பிட்டுப் பார்த்தேன். அவ சொன்னது சரி."

மனேஜர் துள்ளிக் குதித்தார். "நீங்கள் ஆரின்ரை பக்கம், அண்ணை?"

"பிழை விட்டவன்ரை பக்கம். அவனுக்குத்தானே மன்னிப்பு வேணும்."

ஒரே ஒரு முறைப்பாடு மட்டும் அவருடைய திரையில் மூடப்படாமல் கிடந்தது. எங்கள் கேற்றரிங் கடை ஒன்றின் பெயரைப் போட்டு ஒரு மணமகள் எழுதியது: "சாப்பாடு அருமை. அப்பாதான் வரவில்லை." கணினிக்கு என்ன தெரியும்? ஏதோ ஒரு கறி வந்து சேரவில்லை என்று நினைத்து அனுப்பிவிட்டது.

"ஆர் அண்ணை இவ?" என்று கேட்டேன்.

"என்ரை மகள்."

அவர் கத்தோலிக்கர். மாதா கோயிலில் தாலி கட்டாத கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று வீம்புக்கு வீட்டில் இருந்துவிட்டார்.

திங்கட்கிழமைகளில் அலுவலகச் சமையலறையில் ஒரு பை முந்திரிகை இருக்கும். "சனிக்கிழமை ஸ்ரௌவ்வில் பக்கம் போனனான். வீட்டிலை ஆக்களில்லை" என்பார். யார் வீடு என்று யாரும் கேட்டதில்லை. நாங்கள் பகிடி விட்டபடி தின்று முடிப்போம்.

ஒரு சனிக்கிழமை வாடிக்கையாளர் ஒருவரின் விருந்துக்கு அவருடைய காரில் போனேன். திரும்பும்போது ஸ்ரௌவ்வில் நகரின் புதுக் குடியிருப்பு ஒன்றில், ஒரு வீட்டுக்கு எதிரே நிறுத்தினார். பின் இருக்கையில் பழப்பை இருந்தது. அந்த வீட்டு ஜன்னலில் ஒரு பெண் நடமாடுவது தெரிந்தது.

"ஆக்கள் இருக்கினம் போலை கிடக்கே, அண்ணை?"

"ஓம். இருக்கினம்." ஸ்டியரிங்கை விடவேயில்லை. "ஊரான் விட்ட பிழைக்கு எத்தினை கதவைத் தட்டினன். என்ரை பிழைக்குக் கை எழும்புதில்லை, பிள்ளை."

காரைத் திருப்பினார்.

இந்தப் பனிக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். செத்தவீட்டுக்கு மில்லிக்கன் அன்ரியும் வந்து விக்கி விக்கி அழுதார். மகள் மட்டும் அழாமல் ஒரு ஓரமாக நின்றாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள், ஒரு பை முந்திரிகையோடு அந்த ஸ்ரௌவ்வில் வீட்டுக்குப் போய் மணியடித்தேன். அப்பாவோடு வேலை செய்தவள் என்றேன். மகள் பையைப் பார்த்தாள்.

"அப்பா ஒருக்காலும் இஞ்சை வரேல்லை, அக்கா."

"வந்தவர், பிள்ளை. சனிக்கிழமையிலை பழமும் வாங்கிக்கொண்டு உந்த ரோட்டிலை வந்து நிண்டவர். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தவர். மணியடிக்கத்தான் ஏலாமப் போச்சு."

அவள் ஒரு பழத்தைக் கழுவாமலே வாயில் போட்டாள். பிறகு அப்படியே வாசற்படியில் குந்தியிருந்து, செத்தவீட்டில் அழாததையும் சேர்த்து அழுதாள்.

திங்கட்கிழமை அந்த முறைப்பாட்டைத் திறந்து, "நேரில் போய் மன்னிப்புக் கேட்டாயிற்று" என்று அண்ணையின் பெயரிலேயே எழுதி மூடினேன். வழக்கம்போல் சமையலறைக்குப் போனேன். மேசை வெறுமையாக இருந்தது. அண்ணை இல்லாத அந்த அலுவலகம் எனக்குப் பிடிக்கவேயில்லை.