தானாகப் பாய்ந்த வண்டிக்கு ஒரு சான்றிதழ்

பெரிய காஞ்சிபுரம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை லோகேஷ் அவர்களுக்கு மாமனார் மாணிக்கவேல் எழுதுவது. காமாட்சி அம்மன் தயவில் இங்கே நானும் உங்கள் அத்தையும் தறியும் நலம். கார் நலமில்லை. அங்கே தாங்களும் என் மகள் தீபிகாவும் நலந்தானே? போனில் சொன்னால் தீபிகா ஸ்பீக்கரில் போட்டு அக்கம்பக்கத்துக்கும் கேட்கவைத்துவிடுகிறாள் என்பதால், தாங்கள் வேலை பார்க்கும் கார் கம்பெனி முகவரிக்கே இதை அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

நீங்கள் ஆசையாக வாங்கிக்கொடுத்த காரைக் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. ஆனால் சாவியைக் கொடுக்கும்போது என்ன சொன்னீர்கள்? "மாமா, கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, கீழ ரெண்டே மிதி, உங்க தறி மாதிரிதான்" என்றீர்கள். நம்பினேன். முதல் நாளே தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, காசிநாத குருக்கள் ஓரமாக நின்று "மெதுவா முன்னாடி எடுங்கோ" என்றார். மெதுவாகத்தான் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே யாரோ மோட்டார் மேளத்துக்கு சுவிட்சைப் போட, அது டமடமவென்று அலற, நான் பிரேக்கை மிதித்தேன், சத்தியமாக பிரேக்கைத்தான் மிதித்தேன், கார் என்னவோ எலுமிச்சம்பழத்தோடு நிற்காமல் தேங்காய், சூடத்தட்டு, ஜெயம்மாளின் பூக்கடை எல்லாவற்றின் மேலும் ஏறிப் போய் வேப்பமரத்தில் முட்டி நின்றது. ஜெயம்மாள் பக்கத்துக் கடையில் டீ குடிக்கப் போயிருந்ததால் தப்பினாள். "பூஜை போட வந்தியா, பூவெல்லாம் நசுக்க வந்தியாபா?" என்று கேட்டாள். குருக்கள் மட்டும் திருஷ்டி கழிந்தது என்றார்.

கழியவில்லை. அடுத்த வாரம் எதிர்வீட்டு மயில்வாகனம், புடவைக்கான பட்டு இழைகளைத் தெரு நெடுகப் பாவாக நீட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தான். நானும் நெசவாளிதானே, பாவைக் கண்டதும் மரியாதையாக வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் வந்தேன். அவன் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணே, நிறுத்து, நிறுத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினான், நான் பதறிப்போய் இன்னும் அழுத்தி பிரேக்கை மிதித்தேன், வண்டி அரக்குக் கலர் பாவைப் பொன்னாடை மாதிரிப் போர்த்திக்கொண்டு மூன்று வீடு தாண்டிப் போய் நின்றது. மறுவாரம் முழுக்க அவன் வாசலில் உட்கார்ந்து அறுந்த இழைகளை நான் முடிந்துகொடுத்தேன். "இன்னா அண்ணே, வண்டி ஓட்டுறியா, வாரிக்கினு போறியா?" என்று தினமும் கேட்டான். அவனிடம் வண்டிதான் தப்பு என்று தினமும் சொன்னேன்.

மூன்றாவதை எழுதத்தான் கை வரவில்லை. போன திங்கட்கிழமை உங்கள் அத்தை ரேணுகாம்பாளை மாகறல் கோயிலுக்கு அழைத்துப்போனேன். மதில் ஓரமாக நிறுத்த இடம் பார்த்து, அவள் காருக்கு முன்னால் நின்று "வாங்க, வாங்க, இன்னும் கொஞ்சம் வாங்க" என்று கை காட்டினாள். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தான். அவ்வளவுதான் மாப்பிள்ளை. அவள் ஒதுங்கிய இடத்துக்கும் காருக்கும் ஒரு சாண் கூட இல்லை. மதில் பெயர்ந்துவிட்டது. அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "உங்களுக்கு ஒன்னும் ஆவலியே?" என்று மட்டும் கேட்டாள், உள்ளே போனாள், சாமி கும்பிட்டாள், பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து காரில் ஏறவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

சர்வீஸ் சென்டர் மேனேஜர் பிரேம்நாத் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு, "சார், மூணு தடவையும் பிரேக்கை நீங்க தொடவேயில்ல. ஆக்சிலேட்டர்தான் ஃபுல்லா அமுங்கியிருக்குது" என்கிறார். நாற்பது வருஷம் தறி மிதித்த கால், மாப்பிள்ளை. எந்த மிதி எங்கே இருக்கிறது என்று என் காலுக்குத் தெரியாதா, லேப்டாப்புக்குத் தெரியுமா? நெட்டிலும் தேடிப் படித்தேன். வெளிநாட்டில் வண்டிகள் தானாகவே பாய்ந்திருக்கின்றனவாம். பெரும்பாலும் ஓட்டுபவர் காலை மாற்றி வைப்பதுதான் காரணம் என்றும் அதிலேயே போட்டிருந்தது, அந்தப் பகுதி எனக்குத் தேவைப்படவில்லை.

ஆகவே, தவறு முழுக்க வண்டியுடையதே என்று கம்பெனி தாளில் நாலு வரி எழுதி, முத்திரை வைத்து அனுப்பவும். ஊருக்குக் காட்ட அல்ல. உங்கள் அத்தையிடம் காட்டவேண்டும். அவளை இடிக்கப் போனது நானில்லை என்று யாராவது எழுதிக்கொடுத்தால் போதும்.

தாங்களும் தீபிகாவும் ஏகாம்பரநாதர் அருளால் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அசதியுடன்,
மாணிக்கவேல்.

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் கொஞ்ச நேரம் தறியில் உட்கார்ந்தேன். ஊடு இழையைச் சுமக்கும் நாடா பாவுக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது அடுப்படியில் ஒரு குண்டான் விழுந்தது. நாடா உள்ளே இருக்கும்போது மிதியை விட்டால் இழை அறுந்துவிடும். அதனால் என்ன சத்தம் கேட்டாலும் கால் எங்கே இருக்கிறதோ அங்கேயே இன்னும் அழுத்தவேண்டும் என்பது தொழிலில் முதல் பாடம். அழுத்தினேன். பிறகு தறிக்குழிக்குள் என் வலது காலைக் குனிந்து பார்த்தேன். மேளம், மயில்வாகனத்தின் கத்தல், பஸ் ஹாரன், இப்போது குண்டான். ரேணுகாம்பாள் குண்டானைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். "மாகறல்ல பஸ்காரன் ஹாரன் அடிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சிப்போச்சி. நீங்களா தெரிஞ்சிக்குவீங்கன்னு இருந்தேன்" என்றாள். குண்டான் தானாக விழவில்லை போலிருக்கிறது.

சான்றிதழ் வேண்டாம். சாவியை உங்களுக்கே திருப்பி அனுப்பலாம் என்று எடுத்தேன், அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். ராட்டை சுற்றிய அவளுக்குக் கையில்தான் பழக்கமாம், காலில் ஒன்றும் இல்லையாம், திங்கட்கிழமை டிரைவிங் ஸ்கூலில் சேர்கிறாள். என்னையும் ஏற்றிக்கொள்வாளாம். பக்கத்து சீட்டில், சம்மணம் போட்டு உட்கார்ந்தால்.