களி வகுப்புக்கு வைத்த பத்திரிகை

எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். எனக்கு வருவது கல்யாணப் பத்திரிகைத் தமிழ் ஒன்றுதான். தருமபுரியில் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்தியவன் நான். 'வாங்க' என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் 'சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்று கை தானாக எழுதிவிடும். அந்தக் கைதான் எங்கள் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தியது. (நடுத்தெரு என்றால் நிஜமாகவே நடுத்தெரு. பந்தி அங்கேதான் நடந்தது.)

அச்சக வேலை போன பிறகு, சும்மா இருக்க முடியாமல், வெள்ளிக்கிழமைதோறும் மின்னஞ்சலில் 'பாப்பிரெட்டிப்பட்டி மடல்' அனுப்ப ஆரம்பித்தேன். சித்தேரி மலையில் மழை பெய்ததா, தக்காளி என்ன விலை, யார் வீட்டு எருமை காணாமல் போய் யார் கொல்லையில் அகப்பட்டது, இவைதான் செய்திகள். பெங்களூருக்கும் ஓசூருக்கும் பிழைக்கப் போன நம்மூர்க்காரர்கள் விடாமல் படித்தார்கள். பல வருஷம் ஓடியது. பாராட்டு மூட்டை மூட்டையாக வந்தது. பாராட்டை உலையில் போட்டால் வேகாது என்பது என் மனைவி செல்வியின் கருத்து.

செல்வியின் அண்ணன், அதாவது என் மச்சான், சிமென்ட் கடை வைத்திருக்கிறார். மாப்பிள்ளை சும்மாதானே இருக்கிறார், கடைக்கு வந்து கல்லாவில் உட்காரட்டும் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். சிமென்ட் தூசி பட்டால் எனக்குத் தும்மல் நிற்காது. மச்சானுக்கு அறிவுரை நிற்காது. இரண்டுக்கும் நடுவில் என் மிச்ச ஆயுளை நினைத்துப் பார்த்தேன். அந்தப் பயத்தில் பிறந்த யோசனைதான் ஆன்லைன் களி வகுப்பு.

செல்வி கிளறும் கேழ்வரகுக் களியில் ஒரு கட்டி இருக்காது. குழம்பில் தோய்த்து வாயில் வைத்தால் அதுவாகவே தொண்டையில் இறங்கும். அவள் கிளற வேண்டியது, நான் போனைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொல்ல வேண்டியது. (நான் கிளறிய களியை ஒருமுறை நாய் மோந்து பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.) செல்வி ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு.

"மொத வகுப்புக்கு ஆளு வல்லீன்னா, திங்கக்கெழம அண்ணன் கடைக்குப் போயிரணும்."

சம்மதித்தேன். அந்த வெள்ளிக்கிழமையே கடைசி மடலை எழுதினேன். மடலை நிறுத்துகிறேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, நல்ல காரியம் தொடங்குகிறோமே என்று கையை அதன் போக்கில் விட்டேன். 'ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு மேல் ஒன்பது மணிக்குள், எங்கள் இல்லத்தில் நிகழவிருக்கும் களி வகுப்புத் தொடக்க விழாவுக்குத் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்.' வீட்டு விலாசமும் வழியும் எழுதினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படித் திரும்ப வேண்டும் என்பதுகூட இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, மூலையில், பொடி எழுத்தில் வகுப்பின் லிங்க். பத்திரிகையில் அந்த இடத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அதை எந்தக் காலத்தில் யார் படித்திருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை சரியாக ஏழரைக்கு நேரலையைத் தொடங்கினேன். பார்ப்பவர்கள்: பூஜ்யம். அடுப்பில் எங்கள் இருவருக்குப் போதுமான சின்னக் குண்டானில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் வேன் ஹாரன் கேட்டது. பக்கத்து வீட்டில் ஏதோ விசேஷம் போல என்று நினைத்தேன்.

"மடல் எழுதறவரு வூடு இதுதானுங்களா?"

எட்டிப் பார்த்தேன். பட்டுப்புடவை, வேட்டி சட்டை, மல்லிகைப்பூ. பெங்களூரிலிருந்து ஒரு வேன், ஓசூரிலிருந்து ஒன்று. ஒருவர் கையில் சுவர்க் கடிகாரம். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் ஒருவர், பெங்களூரில் இருக்கும் மகன் சொன்னானென்று, கூடை நிறைய மீனோடு வந்திருந்தார். என்ன விசேஷம் என்று கேட்டார். ஆன்லைன் என்றேன்.

"அது எந்த மொறைங்க? எங்க பக்கம் செய்யறதில்லைங்களே" என்றார்.

உள்ளே ஓடினேன். செல்வி மடலைக் காட்டச் சொல்லி நிதானமாகப் படித்தாள்.

"வந்திருந்துன்னு எழுதியிருக்கீங்க. வந்திருக்காங்க. போயி அண்டா கேட்டு வாங்கியாங்க."

தெரு முழுக்கப் பாத்திரமும் மாவும் கேட்டு அலைந்தேன். செல்வி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்டாவில் கிளற, ஓசூர்ப் பெண்கள் மீனை அலச, தெருவில் பாய் விரித்தாகிவிட்டது. அப்போது போனைப் பார்த்தேன். பார்ப்பவர்: ஒருவர். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்த ஒரு புண்ணியவானுக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாவை எப்படித் தூவ வேண்டும், கட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்து விளக்கினேன். என் குரலே எனக்கு வாசல் பக்கமிருந்து திரும்பக் கேட்டது. பார்த்தால், பந்தியின் கடைசி வரிசையில் மச்சான், ஒரு கையில் களியும் ஒரு கையில் போனுமாக உட்கார்ந்திருக்கிறார்.

"மாப்ள, நாளைக்கு எட்டு மணிக்குக் கட தொறந்துருவேன்" என்றார்.

என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் இலையிலிருந்து எழுந்த ஒவ்வொருவரும் செல்வியிடம் போய், அடுத்த ஞாயிறும் உண்டா என்று கேட்டார்கள். வகுப்பைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. செல்வி என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"அவரு கடைக்கு வல்லீ, அண்ணா. இங்க ஆளு வேணும்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவ்வளவு இனிப்பான சொல்லை நான் கேட்டதில்லை.

இப்போது எங்கள் வாசலில் ஞாயிறுதோறும் செல்வியின் களிக்கடை. பலகை கிடையாது. 'ஆன்லைன் கடையெல்லாம் எறங்குங்க' என்று பஸ் கண்டக்டரே இறக்கிவிடுகிறார். மடலைத் திரும்பத் தொடங்கவில்லை. தக்காளி விலையைப் பரிமாறும்போதே சொல்லிவிடுகிறேன். சிமென்ட் மூட்டைக்குப் பயந்தவன் கேழ்வரகு மூட்டை சுமக்கிறேன். மாவுக்கும் தும்மல் வருகிறது. மச்சான் வாராவாரம் வந்து முதல் இலையில் உட்கார்ந்து அறிவுரையும் சொல்கிறார்.

எங்கள் சொந்தத்தில் யார் எதற்கு அழைத்தாலும் இன்றைக்கும் முதல் கேள்வி, 'லிங்க்கா, எலையா?' போன மாதம் மச்சான் மகள் கல்யாணத்துக்கு நான்தான் பத்திரிகை எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்ததும் அவர் பெண் பெயரைப் பார்க்கவில்லை, முகூர்த்தத்தையும் பார்க்கவில்லை. நேராகக் கீழ் மூலைக்குப் போனார். அச்சகத்தின் பெயர்தான் இருந்தது. அதையும் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தார்.