ஆட்டுக்கொம்பும் டிக் பெட்டியும்

என் மனைவி வசீலா உயிரோடு இருந்தபோது ஒரு நவம்பரில் நான் சபதம் எடுத்தேன். இந்த வருடம் மாமியார் தோப்பில் ஒலிவ் பறிக்க மாட்டேன். பறிப்பு தொடங்கும் ஞாயிற்றுக்கிழமைதான் காப்பிக் கடையில் சீட்டாட்ட இறுதிப் போட்டி. ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் என்னைத் தோற்கடிக்க ஒருவன்தான் இருந்தான். அவனுக்கும் அந்த வாரம் பல்வலி.

தோப்புக்கு யார் யார் வருகிறார்கள் என்று காட்டும் இணையப் பக்கத்தைச் செய்தவனே நான்தான். புத்தகம் பார்த்து நானாகக் கற்றது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெட்டி. மாமியார் உத்தரவுப்படி எல்லாப் பெட்டியிலும் முன்கூட்டியே டிக். டிக் விழக் காரணம் 'செக்டு' என்ற சொல். என் பெட்டியில் மட்டும் அதற்கு எதிரே 'ஃபால்ஸ்', அதாவது 'இல்லை', என்று வைக்கும்படி நிரல் எழுதினேன். வசீலா மறுபடி டிக் போட்டுவிடுவாளே என்று பெட்டியைப் பூட்டியும் வைத்தேன். பக்கத்தைத் திறந்து சரிபார்க்கவில்லை. அதெல்லாம் கற்றுக்குட்டிகள் வேலை.

ஞாயிறு காலை சவரம் செய்து நிமிர்ந்தால் வாசலில் ஹாரன். மைத்துனன் முன்ஸிஃப்.

"ஏறுங்க மச்சான்! உங்க விரலுக்குத் தோதா ஆட்டுக்கொம்பு எடுத்து வெச்சிருக்கேன். விரல்ல மாட்டிக்கிட்டு ஒலிவ் கிளையை வாரு வாருன்னு வாரலாம்."

"நான் வரலையேப்பா. பக்கத்தைப் பாரு."

ஃபோனை நீட்டினான். என் பெயருக்கு எதிரே கொழுத்த டிக். தட்டினேன். அசையவில்லை.

"பூட்டே போட்டுட்டீங்களே மச்சான்! 'மாப்பிள்ளைக்கு என்ன உறுதி'ன்னு அம்மா கண் கலங்கிட்டாங்க."

"வசீலா! நான் 'இல்லை'ன்னுதானே எழுதினேன்?"

"எழுதினீங்க. ஆனா அந்தச் சொல்லு அங்க இருந்தாலே டிக்தான். எதிர்ல என்ன எழுதினாலும் அது கண்டுக்காது. வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு 'நான் வீட்டுல இல்லை'ன்னு கத்தினா யாரு நம்புவா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"உங்க புத்தகத்துலதான் இருக்கு. நீங்க தேத்தண்ணி கிளாஸ் வைக்கிற பக்கம்."

"எப்போ பார்த்தே?"

"வியாழக்கிழமை."

"என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"பூட்டு போட்டப்போ நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

தொப்பியை எடுத்துக்கொண்டேன்.

"சரி, கிளம்பு. ரெண்டு பேருமா போவோம்."

அவள் நாற்காலியை இளவெயிலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் எதுக்கு? என் பெட்டியில அந்தச் சொல்லையே எடுத்துட்டேங்க. அதான் முறை."

விரல்களில் ஆட்டுக்கொம்போடு ஏழு நாள், மாமியாருக்குப் பக்கத்து மரத்தில், தன்னந்தனி மருமகனாக நின்றேன். கோப்பையைப் பல்வலிக்காரன் தூக்கிப் போனான்.